பூனை உச்சா, நாய் வாடை, வேர்வை கப்பு: துவைச்சும் போகாத நாத்தத்த துணில இருந்து எடுக்குற வழி

எங்க வீட்டு பூனை ஒரு நாள் மெத்தை விரிப்பு மேல உச்சா போயிருச்சு, நானும் எப்பவும் போல டிடர்ஜென்ட் போட்டு மெஷின்ல ஓட்டி, வெயில்ல காயப்போட்டு, மோந்து பாத்தா ஒண்ணும் இல்லனு மடிச்சு உள்ள வெச்சுட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு மழை நாள்ல எடுத்து விரிக்கிறேன், குப்புனு அதே வாடை, என்னமோ அஞ்சு நிமிஷம் முன்னாடி போன மாதிரி. திரும்ப துவைச்சேன், இந்த தடவ வாசனை கண்டிஷனர ரெண்டு மூடி சேத்தே ஊத்தினேன். ரோஜாத் தோட்டத்துல பூனை போன மாதிரி ஆச்சே தவிர நாத்தம் இம்மி கூட கொறையல.

அதுக்கப்புறம் தான் உக்காந்து தேடிப் படிச்சேன். நாத்தம்னு நாம ஒரே பேர்ல சொல்றது எல்லாம் ஒரே சரக்கு இல்லங்க. சிலது தண்ணில கரையாத படிகம், சிலது நூலுக்குள்ள ஏறிப்போன எண்ணெய், சிலது துணில உயிரோட குடியிருக்குற பாக்டீரியா விடுற கழிவு, சிலது சும்மா ஒட்டிக்கிட்டு இருக்குற ஆவி. எது எதுன்னு தெரியாம கையில கெடச்சத ஊத்துறதுனால தான் பத்து தடவ துவைச்சும் அப்படியே இருக்கு.

எந்த நாத்தமா இருந்தாலும் ஒரு விஷயம் மட்டும் பொது. வாடை முழுசா போகுற வரைக்கும் காய வைக்க சூடு காட்டாதீங்க, ட்ரையர் வேண்டாம், அயர்ன் பாக்ஸ் வேண்டாவே வேண்டாம். சூடு பட்டா புரோட்டீன் எல்லாம் நூலோட இறுகிப் போயிரும், அதுக்கப்புறம் எடுக்குறது ரெண்டு மடங்கு வேலை. போயிருச்சா இல்லையான்னு பாக்க காஞ்ச துணிய மோந்தா பத்தாது, அந்த எடத்துல லேசா தண்ணி தெளிச்சு ஒரு நிமிஷம் விட்டு மோந்து பாருங்க, ஒளிஞ்சிருக்குறது அப்ப தான் வெளிய வரும். அதே ரூம்லயே ரொம்ப நேரம் இருந்தா மூக்கு பழகிப்போய் ஒண்ணும் தெரியாது, வெளிய போய் கொஞ்சம் காத்து வாங்கிட்டு வந்து மோந்து பாருங்க, இல்லன்னா வீட்டுக்கு வர்ற வேற யாரையாவது கேளுங்க, அவங்க மூஞ்சிய பாத்தாலே தெரிஞ்சிரும்.

உச்சா நாத்தம்

இருக்குறதுலயே பிடிவாதமானது இது தான், அதுலயும் பூனையோடது. மூத்திரத்துல இருக்குற யூரியாவ பாக்டீரியா ஒடைக்கும்போது அம்மோனியா வரும், மூக்க குத்துற வாடை அது. கூடவே யூரிக் ஆசிட் இருக்கு, அது காஞ்சதும் படிகமாகி நூல் இடுக்குல உக்காந்துக்கும், சாதா தண்ணில ரொம்ப கம்மியா தான் கரையும், அதனால தான் துவைச்சப்புறம் போன மாதிரி இருந்துட்டு ஈரக்காத்து பட்டதும் திரும்ப கெளம்புது. பூனைக்கு இன்னொரு ஸ்பெஷல் சரக்கு வேற இருக்கு, ஃபெலினைன்னு ஒரு அமினோ அமிலம், அது சிதைஞ்சா கந்தகம் கலந்த ஒரு பொருள் வரும், கருத்தடை பண்ணாத ஆண் பூனைக்கு இது ரொம்ப அதிகம். அந்த பூனை வந்துட்டு போன வீட்டுக்குள்ள நுழைஞ்சவங்களுக்கு நான் விளக்கணும்னு இல்ல.

ஈரமா இருக்கும்போதே பாத்துட்டீங்கன்னா பாதி வேலை முடிஞ்சது. தேய்க்காம பழைய துண்டு வெச்சு அழுத்தி ஒத்தி எடுத்துட்டு, பச்சத் தண்ணில நல்லா அலசி விட்டு அப்புறம் துவைங்க. காஞ்சு பழசானதுக்கு என்சைம் க்ளீனர் தான் வழி (என்சைம்னா அழுக்க சின்னச் சின்னதா ஒடைக்குற பொருள்), வளப்பு பிராணிங்க கறைக்குன்னு தனியா விக்கிறது, துவைக்குற லிக்விட்ல இருக்குற என்சைம் வேற, அது சாப்பாட்டு கறை ரத்தக் கறைக்கானது. நெறைய பேர் இத ரூம் ஸ்ப்ரே மாதிரி ரெண்டு பீச்சு பீச்சிட்டு வேலை செய்யலன்னு சொல்றாங்க. உச்சா எவ்வளவு தூரம் ஊறி எறங்குச்சோ அவ்வளவு தூரம் இதுவும் எறங்கணும், சொட்ட சொட்ட ஊத்துங்க, காஞ்சுட்டா என்சைம் வேலைய நிறுத்திரும், அதனால மேல ஒரு பாலிதீன் கவர போட்டு ராத்திரி முழுக்க அப்படியே விடுங்க. நடுவுல வாடை ஜாஸ்தியான மாதிரி கூட இருக்கும், பயந்து போய் அலசிராதீங்க. முன்னாடியே வேற ஏதாவது ப்ளீச், வினிகர்னு போட்டிருந்தா அத நல்லா அலசிட்டு தான் இத ஊத்தணும், கொதிக்கிற தண்ணியும் ஆகாது, ரெண்டுமே என்சைம கெடுத்துரும். காலைல எப்பவும் போல துவைச்சு காத்தாட காயப்போடுங்க, வாடை பாக்கி இருந்தா இன்னொரு ரவுண்டு. என் விரிப்புக்கு ரெண்டு ரவுண்டு ஆச்சு.

என்சைம் கெடைக்கலன்னா ஹைட்ரஜன் பெராக்சைடு. இதுக்கு ஒரு ஃபார்முலா இருக்கு, அமெரிக்காவுல ஸ்கங்க்னு ஒரு பிராணி நாய் மேல பீச்சி விடுற நாத்தத்துக்காக பால் க்ரெபாம்ங்கிற கெமிஸ்ட் சொன்னது, 1993ல வெளிய வந்துச்சு: 3 சதவீத பெராக்சைடு கிட்டத்தட்ட ஒரு லிட்டர், பேக்கிங் சோடா கால் கப், பாத்திரம் கழுவுற லிக்விட் ஒண்ணு ரெண்டு டீஸ்பூன். ஸ்கங்க் நாத்தமும் கந்தக சமாச்சாரம் தான், பெராக்சைடு அத ஆக்ஸிஜனேற்றம் பண்ணி வாடையில்லாத பொருளா மாத்திருது, பூனை வாடைக்கும் நான் இத நம்புறதுக்கு காரணம் அது தான். தேவைப்படும்போது கலந்து உடனே ஊத்திரணும், மிச்சத்த பாட்டில்ல மூடி வெச்சா உள்ள கேஸ் சேந்து வெடிச்சிரும். கலர் துணில சாயம் எடுக்க வாய்ப்பு இருக்கு, அதனால உள்பக்க தையல் மடிப்புல ஒரு சொட்டு விட்டு பாத்துட்டு எறங்குங்க. பட்டு, கம்பளி பக்கம் போகவே வேண்டாம்.

செய்யவே கூடாத ஒண்ணு: உச்சா பட்ட துணில குளோரின் ப்ளீச் ஊத்துறது. அம்மோனியாவும் ப்ளீச்சும் சேந்தா குளோரமைன்னு விஷவாயு வரும், நெஞ்ச அடைக்கும். ப்ளீச்சோட வினிகர் சேந்தா குளோரின் வாயுவே வரும். மூடின பாத்ரூம்ல இந்த விளையாட்டு வேண்டாம். அம்மோனியா கலந்த க்ளீனரும் வேண்டாம், அது நமக்கு தான் க்ளீனர், பூனைக்கு அது இன்னொரு பூனையோட உச்சா மாதிரி இருக்கும், மறுபடி அங்கயே வந்து போகும்.

அப்புறம் இந்த பேக்கிங் சோடாவும் வினிகரும் ஒண்ணா கொட்டி நுரைக்க விடுறது. பாக்க ஜோரா இருக்கும், ஆனா அமிலமும் காரமும் ஒண்ண ஒண்ணு அடிச்சுக்கிட்டு கடைசில மிஞ்சுறது லேசா உப்பு கரைஞ்ச தண்ணி. ரெண்டுமே நல்ல சாமான் தான், தனித்தனியா போட்டா மட்டும். வினிகர் ஒரு பக்கெட் தண்ணிக்கு அரை கப் போட்டு அரை மணி நேரம் ஊற வெச்சா அம்மோனியா வாடை அடங்கும், ஏன்னா அம்மோனியா காரம். புளிச்ச வேர்வை, வாந்தி இதுக்கெல்லாம் பேக்கிங் சோடா, ஏன்னா அதுங்க அமிலம். ஒவ்வொரு தடவையும் மெஷினுக்குள்ள வினிகர் ஊத்துற பழக்கம் வேண்டாம், ரப்பர் பாகங்கள் சீக்கிரம் போயிரும்.

யூவி (புற ஊதா) டார்ச் வாங்கி இருட்டுல அடிச்சு எந்த எடம்னு கண்டுபிடிக்கலாம்னு சொல்வாங்க, உச்சா மின்னும் தான். ஆனா டிடர்ஜென்ட்ல வெளுப்பா தெரியறதுக்குன்னு சேக்குற பொருளும் மின்னும். நான் மொத தடவ அடிச்சப்ப அலமாரி முழுக்க மின்னுச்சு, ஒரு நிமிஷம் பூனைய மொறச்சு பாத்துட்டேன்.

நாய் படுக்கை, முடி

நாய் படுக்குற விரிப்ப அப்படியே மெஷின்ல போடாதீங்க. முடி ஈரமானா திரிஞ்சு துணியோட ஒட்டிக்கும், ஃபில்டர அடைக்கும், அந்த ஈர முடி உள்ள கெடந்து அதுவே நாத்தம் போட ஆரம்பிச்சிரும். காஞ்சிருக்கும்போதே வெளிய கொண்டு போய் உதறுங்க, ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கிட்டு ஒரே பக்கமா தடவினா முடி எல்லாம் உருண்டையா தெரண்டு வரும். ஈர நாய் வாடைங்கிறது முடில இருக்குற பாக்டீரியாவும் ஈஸ்ட்டும் போட்டு வெச்சது, தண்ணி பட்டா ஆவியாகி கெளம்பும், அதனால லேபிள் அனுமதிச்சா 60 டிகிரில துவைங்க. வாசனைக்குன்னு டீ ட்ரீ ஆயில் விடாதீங்க, நாய் பூனை ரெண்டுக்குமே அது விஷம், அதுலயும் பூனை தன் மேல ஒட்டுறத எல்லாம் நக்கியே உள்ள தள்ளிரும்.

ஜிம் டீஷர்ட்டும் துண்டும்

காட்டன் சட்டை ஒரு துவைப்புல சரியாகுது, பாலியெஸ்டர் டீஷர்ட் மட்டும் போட்டு பத்து நிமிஷத்துல கப்படிக்குதுன்னா பிரச்சினை உங்க உடம்புல இல்ல, நூல்ல இருக்கு. பாலியெஸ்டருக்கு தண்ணி பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும், தோல்ல இருந்து வர்ற பிசுக்க இழுத்து வெச்சுக்கும். பெல்ஜியத்துல கென்ட் பல்கலைக்கழக ஆட்கள் 2014ல வெளியிட்ட ஆராய்ச்சில, ஒரே மாதிரி உடற்பயிற்சி பண்ணவங்களோட சட்டைகள வெச்சு பாத்ததுல பாலியெஸ்டர்ல தான் நாத்தம் ஜாஸ்தி, மைக்ரோகாக்கஸ்ங்கிற பாக்டீரியா அதுல நல்லா வளருதுன்னு சொல்லியிருக்காங்க. ஆக பிசுக்க எடுக்கணும். துணிய உள்பக்கம் வெளிய திருப்பி, அக்குள் பக்கத்துல கொஞ்சம் லிக்விட் டிடர்ஜென்ட்ட நேரா தடவி அரை மணி நேரம் விட்டுட்டு துவைங்க. கண்டிஷனர் வேண்டாம், அது நூல் மேல ஒரு படலம் போட்டு பிசுக்க உள்ளயே பூட்டி வெச்சிரும், துண்டுக்கும் அதே கதை தான், தண்ணியும் உறிஞ்சாது. டிடர்ஜென்ட்டையும் அள்ளிக் கொட்டாதீங்க, அலசுறதுக்கு அப்புறம் மிஞ்சுற சோப்பும் அழுக்க பிடிச்சு வெச்சுக்கும்.

துவைச்ச துணில வர்ற அந்த மக்குன ஈர வாடைக்கு பின்னாடி ஒரு ஆள் இருக்கு, மொராக்செல்லா ஒஸ்லோயென்சிஸ்ங்கிற பாக்டீரியா, ஜப்பான்காரங்க 2012ல வெளியிட்ட ஆராய்ச்சில பிடிச்சது. காஞ்சாலும் சாகாது, வெயிலோட புற ஊதாவையும் ஓரளவு தாங்கும், திரும்ப ஈரம் பட்டதும் தோல் பிசுக்க தின்னுட்டு வாடைய விடும். மூஞ்சி தொடச்சதும் துண்டு நாறுதுல்ல, அது இது தான். இதுக்கு ஆக்சிஜன் ப்ளீச், அதாவது சோடியம் பெர்கார்பனேட் பவுடர். 40ல இருந்து 60 டிகிரி சூடு இருக்குற தண்ணில கரைச்சு சில மணி நேரம் ஊற வைங்க, பச்சத் தண்ணில அது பாதி தூக்கத்துல தான் வேலை செய்யும், மூடி போட்டு இறுக்கவும் கூடாது, கேஸ் வரும். கரைச்சத நாளைக்குன்னு எடுத்து வெச்சா பவர் போயிரும். பட்டு, கம்பளிக்கு இதுவும் ஆகாது. ஊறினப்புறம் துவைச்சு உடனே காயப்போடணும், மெஷினுக்குள்ள ராத்திரி முழுக்க மறந்து விட்டா செஞ்சதெல்லாம் வீண். ஃபேன் காத்தா இருந்தாலும் சரி வெயிலா இருந்தாலும் சரி, சீக்கிரம் காயணும், துணிக்கும் துணிக்கும் நடுவுல இடம் விட்டு போடுங்க.

இதெல்லாம் செஞ்சும் எல்லா துணியும் ஒரே மாதிரி நாறுதுன்னா குத்தவாளி மெஷின். ஃப்ரண்ட் லோடா இருந்தா கதவு ரப்பர் மடிப்ப விரல் விட்டு விரிச்சு பாருங்க, பாத்தப்புறம் சாப்பாடு எறங்காது. அத தொடச்சு, டிடர்ஜென்ட் ட்ரேய கழட்டி கழுவி, ஃபில்டர சுத்தம் பண்ணி, உள்ள துணி இல்லாம ஆக்சிஜன் ப்ளீச் போட்டு இருக்குறதுலயே சூடான சைக்கிள்ல ஒரு ஓட்டு ஓட்டுங்க, அப்புறம் கதவ தொறந்தே வைங்க. வீட்டுல பூனையோ சின்னப் புள்ளையோ இருந்தா திரும்ப மூடி ஓட்டுறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவ எட்டிப் பாத்துருங்க.

மிச்ச நாத்தங்கள்

சிகரெட் வாடைக்கு மொதல்ல ஒரு நாள் முழுக்க காத்தாட தொங்க விட்டுட்டு வினிகர் தண்ணில ஊற வைங்க, நிகோட்டின் ஒரு காரப் பொருள், அமிலத்துக்கு மசியும். பொரிச்ச எண்ணெய் வாடைக்கு பாத்திரம் கழுவுற லிக்விட். நாப்தலின் உருண்டை வாடைய தண்ணில போட்டு அடிக்க வேண்டாம், அது திடத்துல இருந்து நேரா ஆவியாகுற பொருள், காத்தும் லேசான சூடும் இருந்தா தானா போயிரும், உருண்டைய மட்டும் பிராணிங்க வாய்க்கு எட்டாம வைங்க. வாந்திய வழிச்சு எடுத்துட்டு பச்சத் தண்ணி, பேக்கிங் சோடா கரைசல், அப்புறம் என்சைம் இருக்குற டிடர்ஜென்ட், இந்த வரிசைல போங்க. பெட்ரோல் கொட்டின துணிய மெஷின்ல போடாதீங்க, வாடை அடங்குற வரைக்கும் வெளிய, நெருப்பு எதுவும் பக்கத்துல இல்லாத எடத்துல தொங்க விட்டுட்டு கையால துவைங்க, துவைச்ச அப்புறமும் ட்ரையர் பக்கம் கொண்டு போக கூடாது, தீ பிடிக்கும்.

இன்னொண்ணு, இது வரைக்கும் ஒழுங்கா தன்னோட மண்ணு ட்ரேல போன பூனை திடீர்னு துணி மேல போக ஆரம்பிச்சா அத திமிர்னு நெனச்சு திட்டாம டாக்டர்ட்ட காட்டுங்க, நெறைய நேரம் அது மூத்திரப் பாதைல எரிச்சலோ இன்ஃபெக்‌ஷனோ தான். ஆண் பூனை முக்கி முக்கி உக்காந்தும் சொட்டு கூட வரலன்னா அது அடைப்பு, நாளைக்கு பாத்துக்கலாம்னு விடக்கூடாது, அன்னிக்கே தூக்கிட்டு ஓடணும், துணி எல்லாம் வந்து ஊற வெச்சுக்கலாம்.