மைனா கிளறாத தொட்டி: தாழ்வாரத் தோட்டத்துக்கு ஒரு செய்முறை

சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்த தொட்டியைக் கெடுப்பது யார் என்று முதலில் கண்டுபிடியுங்கள். மண் வெளியே சிதறிக் கிடந்தால் மைனா. பூச்சி தேடிக் கிளறியிருக்கும். விதைத்த வெந்தயமோ பயறோ மட்டும் காணாமல் போனால் பெரும்பாலும் புறா. பறித்து மூடிய குழியும் நாற்றமும் இருந்தால் பூனை. பழுத்த மிளகாய் மட்டும் பறிபோனால் சின்னான் குருவி. அதற்கு மிளகாய்த்தூள் தூவச் சொல்பவர்களைக் கேட்காதீர்கள். பறவைக்குக் காரம் உறைக்காது. தூள் பறந்து உங்கள் கண்ணில்தான் விழும்.

அடுத்து, விருந்தை நிறுத்துங்கள். மீன் கழுவிய தண்ணீரையும் காய்கறித் தோலையும் தொட்டியில் கொட்டுவது எலியை வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போன்றது. கீழே புறாவுக்குச் சோறு போடும் அண்டை வீட்டாரிடமும் பேசிப் பாருங்கள். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். முதல்முறை பிடிபட்டாலே 5,000 வெள்ளி வரை அபராதம்.

பிறகு மண்ணை மூடுங்கள். கறிவேப்பிலை, துளசி போன்ற வளர்ந்த செடிக்கு நெல்லிக்காய் அளவுக் கூழாங்கற்கள் போதும். சிறிய கல்லை மைனா அலகால் புரட்டிவிடும். தண்டை ஒட்டி இரண்டு விரல் இடம் விடுங்கள். கல் மூடியபின் ஈரம் கண்ணுக்குத் தெரியாது. விலக்கித் தொட்டுப் பார்த்தே தண்ணீர் ஊற்றுங்கள். அடித்தட்டில் நீர் தேங்கினால் ஏடிஸ் கொசு வரும்.

விதைத் தொட்டிக்கும் மிளகாய்க்கும் வலைதான் வழி. எனக்கு அதிக நாள் பிடித்தது இந்த வேலைதான். வலையைச் செடிமேல் போர்த்தினால் போதாது. தொய்வான வலையில் பறவையின் கால் சிக்கும், துளிர்களும் வலைக் கண்களுக்குள் நுழைந்து பின்னிக்கொள்ளும். தொட்டி ஓரத்தில் நான்கு மூங்கில் குச்சிகளைச் செடியைவிட ஒரு சாண் உயரமாக ஊன்றுங்கள். முனைகளில் பழைய புட்டி மூடிகளைக் கவிழ்த்தால் வலை கிழியாது. சுண்டுவிரல் நுழையாத கண்ணுள்ள வெள்ளை வலையாக வாங்குங்கள். கறுப்பு வலை பறவைக்குச் சட்டென்று தெரியாது. நான்கு பக்கமும் இழுத்து, தொட்டி விளிம்புக்குக் கீழே பிளாஸ்டிக் பட்டையால் கட்டுங்கள். கம்பி வேண்டாம், நம் ஊர் மழையில் துருப்பிடித்துச் சுவரில் கறை இறக்கும். விரலால் தட்டினால் வலை துள்ள வேண்டும். அமுங்கினால் மறுபடி இழுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் துணிக் கிளிப்பால் மூடினால் தண்ணீர் ஊற்ற வசதி.

பறவையை விரட்டத் தொங்கவிடும் குறுந்தட்டு (சிடி), பிளாஸ்டிக் ஆந்தை எல்லாம் காசுக்குக் கேடு. சில நாளில் மைனா ஆந்தையின் தலையிலேயே உட்கார்ந்துவிடும். பசைப் பொறியை வாங்கவே வாங்காதீர்கள். பல்லியும் குருவியும் துடித்துச் சாகும்.

குச்சியும் வலையும் வைத்தபின் தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி மிஞ்சுகிறதா என்று அளந்து பாருங்கள். தீப்பிடித்தால் எல்லோரும் ஓடவேண்டிய வழி அது.

பிற்சேர்க்கை: செடியில் தேன்சிட்டு கூடு கட்டிவிட்டது, வலை போடலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். குஞ்சு பறக்கும்வரை பொறுங்கள். தண்ணீரை வேரில் மட்டும் ஊற்றுங்கள். புக்கிட் தீமா பக்கம் குரங்கு வரும் வீடுகளுக்கு இந்த வலை தாங்காது. அங்கே காய் பழுக்குமுன் பறித்துவிடுங்கள், சன்னலையும் சாத்திவையுங்கள்.