கார்பன் மோனாக்சைடு விஷம்: நஷ்டஈட்டு வழக்கைக் கெடுக்கும் தவறுகள்

மூடிய அறையில் ஓடிய ஹீட்டர், குளியலறைக்குள்ளேயே மாட்டிய கேஸ் கீசர், கீழ்த்தளத்தில் வைத்த ஜெனரேட்டர், இரவெல்லாம் கனன்ற கரியடுப்பு. கார்பன் மோனாக்சைடு எதிலிருந்து வந்தாலும் சரி, அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆள் பிழைத்துவிட்டால் எல்லோரும் பெருமூச்சு விட்டு, ஜன்னலைத் திறந்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பழுதான சாமானைக் கழற்றிப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள். சில மாதம் கழித்து மறதியும் தலைவலியும் விடாமல் துரத்தும்போதுதான் ‘இதற்கு யாராவது பொறுப்பேற்க வேண்டாமா?’ என்ற கேள்வி வருகிறது. அதற்குள் காற்றில் இருந்த வாயு போயிருக்கும், ரத்தத்தில் இருந்ததும் போயிருக்கும், கீசர் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

சாலை விபத்தில் நசுங்கிய வண்டி இருக்கும், எக்ஸ்ரே இருக்கும். இங்கே சாட்சியே காற்றுதான். அதனால் இந்த மாதிரி வழக்குகளைக் கெடுக்கிற தவறுகள் பெரும்பாலும் கோர்ட்டில் நடப்பதில்லை. முதல் ஓரிரு நாளில், வீட்டிலும் ஆஸ்பத்திரியிலும், நல்லெண்ணத்தோடுதான் நடக்கின்றன. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர் வக்கீலைக் கேட்காமல் எதையும் முடிவு செய்யக் கூடாது. ஆனால் அவரிடம் போவதற்கு முன்பே கை நழுவிப் போகிறவை எங்கும் ஒன்றுதான்.

‘ஆக்சிஜன் 98 காட்டுது, ஒண்ணுமில்ல’

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்ஸிமீட்டரை நம்பி வீட்டுக்குத் திரும்புவது முதல் தவறு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு கார்பன் மோனாக்சைடு ஒட்டிக்கொள்ளும் பலம் ஆக்சிஜனைப் போல 200 மடங்குக்கும் மேல். ஒட்டிய பிறகு ரத்தம் சிவப்பாகவே இருப்பதால், சாதாரணக் கருவிக்கு எது ஆக்சிஜன், எது விஷம் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மூச்சு திணறுகிறவருக்கும் 98 காட்டும். தேவையானது கார்பாக்ஸிஹீமோகுளோபின், அதாவது இந்த வாயு ஒட்டிய ஹீமோகுளோபின், எத்தனை சதவீதம் என்று காட்டும் ரத்தப் பரிசோதனை. யாரும் கேட்காவிட்டால் பல இடங்களில் அதைச் செய்யவே மாட்டார்கள்.

கேட்க வேண்டியது நீங்கள்தான், ஏனென்றால் அறிகுறிகள் ஏமாற்றும். தலைவலி, குமட்டல், தலைசுற்றல், அசதி. ஃப்ளூ என்று எழுதி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காய்ச்சல் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தது, நாய் கூடச் சோர்ந்து படுத்திருந்தது, வெளியே போனால் சரியாகிறது, வீட்டுக்கு வந்தால் திரும்புகிறது: இவற்றை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதினாரா என்றும் பாருங்கள். பின்னாளில் அந்த இரண்டு வரிக்குத் தனி மதிப்பு உண்டு. தோல் செக்கச் சிவந்திருக்கும் என்று பலர் கேள்விப்பட்டிருப்பார்கள். உயிரோடு வருகிறவர்களிடம் அது அபூர்வம்; அது இல்லை என்பதால் விஷம் இல்லை என்றாகாது.

அடுத்தது நேரம். இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டே பார்க்கலாம். சாதாரணக் காற்றைச் சுவாசித்தால் ரத்தத்தில் உள்ள இந்த விஷம் பாதியாகக் குறைய நாலைந்து மணி நேரம் பிடிக்கும். மாஸ்க் வழியாகச் சுத்த ஆக்சிஜன் கொடுத்தால் ஏறக்குறைய 80 நிமிடம் போதும். ஒருவரை இரவு 2 மணிக்கு 32 சதவீதத்தோடு தூக்கி வந்து ஆம்புலன்ஸில் மாஸ்க் போடுகிறார்கள் என்று வையுங்கள். 3.20-க்கு 16. 4.40-க்கு 8. காலை 6 மணிக்கு ரத்தம் எடுத்தால் ரிப்போர்ட்டில் வெறும் 4. எதிர்த்தரப்பு வக்கீல் அந்தத் தாளை எடுத்து, ‘புகைபிடிக்கிறவர்களுக்கு இதைவிட அதிகம் இருக்கும், ஐயா’ என்பார். தப்பில்லை, இருக்கும். ரத்தம் எடுத்த நேரமும் ஆக்சிஜன் ஆரம்பித்த நேரமும் பதிவாகியிருந்தால் மட்டுமே ஒரு நிபுணர் பின்னோக்கிக் கணக்கிட்டு அந்த 32-ஐ நெருங்க முடியும். நேரம் இல்லாத ரிப்போர்ட் பாதி ரிப்போர்ட்.

இதைப் படித்துவிட்டு ‘முதலில் ரத்தம் எடுங்க, அப்புறம் ஆக்சிஜன்’ என்று யாரும் அடம்பிடிக்க வேண்டாம். ஆக்சிஜன் ஒரு நிமிடம் கூடக் காத்திருக்கக் கூடாது. ட்ரிப்ஸ் ஊசி ஏற்றும்போதே ஒரு குழாய் ரத்தம் எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். நோயாளி கர்ப்பிணி என்றால் அதை உடனே சொல்ல வேண்டும். குழந்தையின் ரத்தத்தில் அளவு தாயைவிட அதிகமாக ஏறும், மெதுவாகத்தான் இறங்கும்.

டிஸ்சார்ஜ் ஆனதும் எல்லாம் முடிந்ததென்று நினைப்பது இன்னொரு தவறு. சில நாள், சில வாரம் நன்றாக இருந்துவிட்டுப் பிறகு மறதி, எரிச்சல், நடையில் தள்ளாட்டம் என்று தொடங்குவது இந்த விஷத்தின் குணம். இடையில் டாக்டரைப் பார்த்த பதிவு ஒன்றுமே இல்லையென்றால், அந்தத் தொல்லைக்கு வேலைப்பளு காரணம், வயது காரணம் என்று கதை கட்டுவது எளிது. ஸ்கேன் நார்மலாக வந்தாலும் நினைவாற்றலையும் கவனத்தையும் அளக்கும் தனிச் சோதனைகள் இருக்கின்றன. நரம்பியல் டாக்டரிடம் கேட்டு அவற்றைச் செய்துகொள்வது சிகிச்சைக்கும் நல்லது, வழக்குக்கும் நல்லது.

சுத்தம் செய்து சாட்சியை அழிப்பது

நான் பார்த்தவரை மிகப் பெரிய தவறு இதுதான். விபத்து நடந்த மறுநாள் வீட்டு உரிமையாளரே பதறிப்போய் ஆளைக் கூட்டி வருவார். பழைய கீசரைக் கழற்றிப் புதிதாக ஒன்றை மாட்டுவார். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அந்தப் பழைய கீசரின் பர்னரில் படிந்திருந்த கரி, புகைக்குழாயின் விலகிய மூட்டு, அதன் வாயை அடைத்திருந்த பறவைக்கூடு, அடுப்புச் சுடர் நீலமாக எரியாமல் மஞ்சளாக எரிந்ததற்கான காரணம் எல்லாம் அதோடு போய்விடும். பழுது எங்கே என்று தெரியாமல் யார் மேல் தப்பு என்று சொல்ல முடியாது.

கேஸ் வால்வை மூடுவது, மின்சாரத்தைத் துண்டிப்பது, ஆட்களை வெளியேற்றுவது எல்லாம் உடனே நடக்க வேண்டியவை. அதற்கு மேல் கைவைக்க வேண்டாம். ஜன்னல் திறந்திருந்ததா, வென்டிலேட்டர் அடைபட்டிருந்ததா, புகைக்குழாய் எந்தப் பக்கம் போகிறது, மாடல் எண்ணும் தொடர் எண்ணும் பொறித்த தகடு என்று எல்லாவற்றையும் போட்டோவும் வீடியோவும் எடுங்கள். கழற்றியே ஆக வேண்டுமென்றால், இரு தரப்பும் இருக்கும்போது கழற்றி, துடைக்காமல் சீல் வைத்துப் பத்திரப்படுத்த வேண்டும். சாமான் உங்களுடையது இல்லையென்றால், ‘எதையும் மாற்றாதீர்கள், அப்புறப்படுத்தாதீர்கள்’ என்று எழுத்தில் அனுப்புங்கள். வக்கீல் நோட்டீஸாகப் போனால் நல்லது, முதல் நாள் வாட்ஸப்பில் போனாலும் ஒன்றும் இல்லாததற்கு மேல். இப்படிச் சொன்ன பிறகும் ஒருவர் அதை அழித்தால், பல நாட்டுக் கோர்ட்டுகள் அதையே அவருக்கு எதிராக எடுத்துக்கொள்ள முடியும்.

தீயணைப்புப் படையோ கேஸ் கம்பெனியோ வந்து மீட்டரில் காற்றை அளந்திருந்தால் அந்த எண் மிக முக்கியம். எந்த அறையில், எத்தனை மணிக்கு, எத்தனை பி.பி.எம். (காற்றின் பத்து லட்சம் பங்கில் இந்த வாயு எத்தனை பங்கு)? அந்த அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். ஜன்னல்களைத் திறந்து ஒரு மணி நேரம் கழித்து அளந்து ‘பூஜ்யம்’ என்று எழுதியிருந்தால், ஜன்னல் திறந்த விஷயமும் அதில் பதிவாக வேண்டும்.

‘அலாரம் அடிக்கவே இல்லையே, அப்போ வாயு இருந்திருக்காது’ என்பதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரங்களுக்கான அமெரிக்காவின் யு.எல். 2034 தரப்படி செய்த அலாரம் 70 பி.பி.எம்.மில் ஒரு மணி முதல் நாலு மணி நேரத்துக்குள் அடித்தால் போதும். 30 பி.பி.எம்.மில் 30 நாள் வரை அடிக்கவே கூடாது என்பதும் அதே தரத்தின் நிபந்தனை. குறைந்த அளவில் வாரக்கணக்கில் மூச்சோடு போய் உடம்பைக் கெடுப்பதை அது பிடிக்காது. புகை அலாரத்தையும் இதையும் ஒன்றாக நினைப்பவர்களும் உண்டு. புகை அலாரத்துக்கு இந்த வாயு தெரியவே தெரியாது. அடிக்காத அலாரத்தைத் தூக்கி எறியாதீர்கள். அதன் பின்பக்கம் காலாவதித் தேதி இருக்கும், சில மாடல்கள் பதிவான உச்ச அளவை நினைவிலும் வைத்திருக்கும். பட்டனை அழுத்தி விளையாட வேண்டாம்.

வீட்டுக்காரர் மட்டும்தானா?

கோபம் முதலில் வீட்டு உரிமையாளர் மேல்தான் வரும். நியாயமாகவே இருக்கலாம். பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டு விதிகளின்படி, வாடகைக்கு விட்ட வீட்டின் கேஸ் சாதனங்களை ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவரைக் கொண்டு சோதித்து, அந்தச் சான்றின் நகலை வாடகைக்காரரிடம் கொடுத்தாக வேண்டும். அப்படி ஒரு சான்று இல்லையென்றாலே பாதி வாதம் முடிந்தது. இப்படி விதி இல்லாத இடங்களிலும், ‘கீசர் போட்டால் தலை சுத்துது’ என்று முன்பு நீங்கள் அனுப்பிய ஒரு மெசேஜ், அவருக்கு ஆபத்து தெரிந்திருந்தது என்பதைக் காட்டும்.

ஆனால் அவரோடு நிறுத்திக்கொள்வது தவறு. சாதனத்தை மாட்டியவர், கடைசியாகச் சர்வீஸ் செய்தவர், தயாரித்த கம்பெனி, விடுதி என்றால் அதை நடத்துபவர், பக்கத்துக் கடையின் புகை சுவர் வழியாக வந்தது என்றால் அந்தக் கடைக்காரர் என்று பொறுப்பு பலர் மேல் பிரியலாம். ஜெனரேட்டரை எடுத்துக்கொள்வோம். வீட்டுக்குள் ஓட்டினால் உயிர் போகும் என்ற எச்சரிக்கை லேபிள் அமெரிக்காவில் 2007 முதல் கட்டாயம். கம்பெனி அந்த லேபிளைத்தான் கேடயமாகப் பிடிக்கும். அதே நேரம், வாயு அளவு ஏறினால் தானாக அணையும் வசதியைக் கேட்கும் தொழில்துறைத் தரம் அங்கே 2018-இலேயே வந்துவிட்டது. அதன் பிறகு அந்த வசதி இல்லாமல் விற்ற மெஷின் என்றால், வாதம் லேபிளோடு முடியாது.

வேலை செய்யும் இடத்தில், உதாரணமாகக் குடோனுக்குள் பெட்ரோல் இன்ஜின் ஓட்டியதில் பாதிப்பு என்றால், பல நாடுகளில் முதலாளியின் தவறை நிரூபிக்காமலேயே தொழிலாளர் இழப்பீடு கிடைக்கும். அதற்குப் பதிலாக முதலாளி மேல் தனி வழக்குப் போட முடியாமல் போகலாம். அந்த இன்ஜினைத் தயாரித்தவர், பராமரித்தவர் மேல் போடும் உரிமை பெரும்பாலும் தனியாக நிற்கும். இதைக் கோட்டை விடுகிறவர்கள் நிறையப் பேர்.

‘குளிருக்கு நாங்கதானே வென்டிலேட்டரை அடைச்சோம், நம்ம மேலயும் தப்பு’ என்று ஒதுங்கிவிடுவதும் அவசர முடிவு. பெரும்பாலான இடங்களில் உங்கள் பங்குக்கு ஏற்ப நஷ்டஈடு குறையும், அவ்வளவுதான். அமெரிக்காவில் அலபாமா, மேரிலாந்து, வட கரோலினா, வர்ஜீனியா போன்ற சில மாநிலங்களில் மட்டும், உங்கள் மேல் சிறு தவறு இருந்தாலும் மொத்தமாகவே தட்டிப்போகலாம். அதனால் இந்த வாக்கியத்தை வக்கீலிடம் தாராளமாகச் சொல்லுங்கள். இன்ஷூரன்ஸ்காரரிடம் போனிலோ ஃபேஸ்புக்கிலோ சொல்லாதீர்கள்.

கையெழுத்தும் காலண்டரும்

ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்துவிட்டு ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளை நீட்டுவார்கள். பாதிப்பு முழுசாகத் தெரிய வாரக்கணக்காகும் ஒரு விஷத்துக்கு, முதல் வாரத்தில் போடுகிற கையெழுத்து எத்தனை விலையானது என்று யோசித்துப் பாருங்கள். செலவை வாங்குவதில் தப்பில்லை. மீதி உரிமையை விட்டுக்கொடுக்கிற வரியில்தான் தப்பு இருக்கிறது.

காலவரம்பு இதற்கு நேர்மாறான பொறி. இங்கிலாந்தில் உடல் பாதிப்பு வழக்குக்கு மூன்று வருடம், கலிஃபோர்னியாவில் இரண்டு. இந்தியாவில் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் புகார் கொடுக்க இரண்டு வருடம். காரணம் இதுதான் என்று தெரிந்த நாளிலிருந்து எண்ணும் சலுகை சில இடங்களில் உண்டு, குழந்தைகளுக்குக் கூடுதல் காலம் உண்டு, அரசுக் கட்டடம் என்றால் மாதக்கணக்கில் சுருங்குவதும் உண்டு. போலீஸ் வழக்கு நடக்கிறதே என்று காத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது தண்டனைக்கானது. உங்கள் நஷ்டஈட்டுக்கான கடிகாரம் அதற்காக நிற்காது.

உயிர் போயிருந்தால், துக்கத்தில் பிரேதப் பரிசோதனை வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கேட்க மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் இறந்தவர் உடலில் இந்த வாயு அப்படியே தங்கியிருக்கும், மூச்சு நின்றதால் வெளியேற வழியில்லை. உயிரோடு இருப்பவரிடம் சில மணி நேரத்தில் மறையும் அந்த எண் இங்கே கிடைக்கும். அதைக் கொண்டுதான் வாழ்க்கைத் துணையும் பிள்ளைகளும் இழந்த வருமானத்துக்குக் கோர முடியும். அதே அறையில் பிழைத்தவர்களின் வழக்குக்கும் அது துணை நிற்கும்.

வக்கீலைப் பிடிக்கும்போது, முன்பு இப்படிப்பட்ட கேஸ் நடத்தியிருக்கிறாரா என்பதைவிட, சாதனத்தைச் சோதிக்க எந்த இன்ஜினியரையும், ரத்த அளவைக் கணக்கிட எந்த டாக்டரையும் கூப்பிடுவார் என்று கேட்பது பயனுள்ளது. ஜெயித்தால் மட்டும் ஃபீஸ் என்ற ஏற்பாடு அமெரிக்காவில் சகஜம், இந்தியாவில் வக்கீல்களுக்கு அது தடை. எங்கே ஆனாலும் நிபுணர்களின் கட்டணம் தனி. அதை யார் முன்பணமாகப் போடுவது, தோற்றால் யார் தலையில் விழும் என்பதை முதல் சந்திப்பிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.