லாஸ் வேகாஸ் செல்லும் நம்மூர்க்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிள்ளைகளிடம் சென்று சில மாதங்கள் தங்கிவரும் பெற்றோரைக் கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்போது தெருவுக்கு ஒரு வீட்டிலாவது காணலாம். அவர்களுடைய பயணத் திட்டத்தில் நயாகராவுக்கு அடுத்தபடியாக லாஸ் வேகாஸ் இடம்பெற்றுவிடுகிறது. சூதாட்டத்தில் பணத்தைத் தொலைத்துவிடக் கூடாது என்ற உறுதியுடன் செல்லும் இவர்களில் பலர், சூதாட்ட மேசையின் பக்கமே போகாமல் பணத்தை இழந்து திரும்புவதுதான் வேடிக்கை.

மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பா, மூன்றாண்டுகளுக்கு முன் அங்கே தங்கிய ஓட்டலின் ரசீதை இன்னமும் பத்திரமாக வைத்திருக்கிறார். ஓர் இரவுக்கு 59 டாலர் என்று பதிவு செய்த அறைக்கு, நீச்சல் குளம் முதலிய வசதிகளுக்கான ‘ரிசார்ட் கட்டணம்’ என்று 45 டாலரும், இரண்டின் மீதும் 13 சதவீதத்துக்குச் சற்று மேற்பட்ட வரியும் சேர்ந்து, ஏறக்குறைய 118 டாலர் ஆகியிருந்தது. நீச்சல் குளத்தில் இறங்கினாலும் இறங்காவிட்டாலும் இந்தக் கட்டணத்திலிருந்து தப்ப முடியாது. கட்டாயக் கட்டணங்களை முதலிலேயே சேர்த்துக் காட்ட வேண்டும் என்ற விதி 2025 மே மாதத்தில் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்துவிட்டது என்றாலும், கட்டணம் ஒழிந்துவிடவில்லை. வரியும் பின்னால்தான் சேரும். எனவே வரி உட்பட மொத்தத் தொகையைப் பார்த்த பிறகே ஓட்டல்களை ஒப்பிட வேண்டும். அதே ரசீதில் இன்னொரு தொகையும் எழுதப்பட்டிருந்தது. சித்தி தம்முடைய இன்சுலின் மருந்தை வைப்பதற்காக, அறையிலிருந்த சிறிய குளிர்பதனப் பெட்டியின் புட்டிகளை எடுத்து வெளியே வைத்திருக்கிறார். புட்டி இடம் பெயர்ந்தாலே விற்றதாகக் கணக்கெழுதும் உணரி அதில் பொருத்தப்பட்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? வரவேற்பு மேசையில் அரை மணி நேரம் வாதாடித்தான் அந்தத் தொகையை நீக்க முடிந்தது. மருந்து வைக்கத் தனிப் பெட்டி வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுவது நல்லது.

அடுத்த தவறு, தூரத்தைக் கண்ணால் அளப்பது. பெரிய ஓட்டல்கள் வரிசையாக நிற்கும் ‘ஸ்ட்ரிப்’ என்னும் சாலை ஏறத்தாழ 6.8 கிலோமீட்டர் நீளமுடையது. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் காந்தி சிலையிலிருந்து காலார நடந்து பழகிய நமக்கு, சன்னலுக்கு நேரெதிரே தெரியும் ஈபிள் கோபுர மாதிரி இரண்டு நிமிட நடையில் இருப்பதாகத் தோன்றும். அந்த மாதிரியே மூலக் கோபுரத்தில் பாதி அளவு உயரமானது என்பதை மறந்துவிடுகிறோம். கட்டடங்கள் பெரியவை என்பதால் அருகில் இருப்பதாகக் கண் ஏமாறுகிறது. பல சந்திப்புகளில் நடைமேம்பாலம் ஏறித்தான் சாலையைக் கடக்க வேண்டும். 2024 முதல் அந்தப் பாலங்களின் மேல் நின்றுவிடுவது சட்டப்படி குற்றம் என்பதால், அங்கே நின்று குடும்பப் படம் எடுக்கும் ஆசையைக் கைவிட வேண்டும். நடைக்கு மாற்றாக இருக்கும் மோனோரயில் என்னும் ஒற்றைத் தண்டவாள ரயில், கிழக்குப் பக்க ஓட்டல்களின் பின்புறமாக ஓடுகிறது. விமான நிலையத்துக்குச் செல்லாது.

அக்கினி நட்சத்திரத்தையே பார்த்தவர்கள் நாம் என்று வெயிலை அலட்சியப்படுத்துவது இவற்றையெல்லாம்விட ஆபத்தானது. நம் கடலோர வெயிலில் சட்டை நனைந்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி உடம்பே நினைவூட்டும். அந்தப் பாலைவனத்திலோ வியர்வை தோன்றிய கணமே உலர்ந்துவிடுவதால், நீரிழப்பு தலைசுற்றலாக வெளிப்படும் வரை தெரிவதில்லை. 2024 ஜூலை 7 அன்று அங்கே 48.9 டிகிரி செல்சியஸ் பதிவானது. கோடையில் பகல் நடையைத் தவிர்த்து, தண்ணீரைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

விளையாடித்தான் பார்ப்போமே என்பவர்கள், சுழலும் பந்து எந்த எண்ணில் விழும் என்று பணம் வைத்து ஆடும் ரூலெட் சக்கரத்தில் எத்தனை பூஜ்யங்கள் உள்ளன என்பதை முதலில் எண்ண வேண்டும். ஒன்று முதல் 36 வரையிலான எண்களோடு ஒரு பூஜ்யம் மட்டும் இருந்தால், 37 கட்டங்களிலும் ஒவ்வொரு டாலர் வைப்பவருக்கு 36 டாலர் திரும்பும். இரண்டு பூஜ்யங்கள் இருந்தால் 38 வைத்து அதே 36. மூன்று இருந்தால் 39 வைத்தும் அதே 36 தான். அதாவது சூதாட்ட விடுதியின் பங்கு 2.7 சதவீதத்திலிருந்து 7.69 சதவீதமாக ஏறுகிறது. மூன்று பூஜ்யச் சக்கரத்தில் உட்காருவதற்கு எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

புதுச்சேரியில் மது அருந்த 18 வயது போதும். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் 21 நிறைந்திருக்க வேண்டும், நரைத்த தலையிடம்கூடக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். கஞ்சாக் கடைகள் அங்கே 2017 முதல் வெளிப்படையாகவே நடக்கின்றன. ஆனால் மாநிலச் சட்டம் அனுமதித்தாலும் கூட்டாட்சிச் சட்டப்படி அது குற்றமாகவே நீடிப்பதால், விசாவில் இருக்கும் பிள்ளைகள் விளையாட்டுக்குக்கூட அதைத் தொடக் கூடாது.

பக்கத்து மாநிலமான அரிசோனாவில் உள்ள கிராண்ட் கேன்யன் பெரும் பள்ளத்தாக்குக்கு ஒரு நாள் சுற்றுலா பதிவு செய்வோர், எந்த விளிம்புக்கு அழைத்துச் செல்கிறார்கள் என்று கேட்பதே இல்லை. கண்ணாடி நடைபாதை உள்ள மேற்கு விளிம்பு ஹுவாலபாய் பழங்குடியினரின் நிலம். தேசியப் பூங்காவின் நுழைவுச் சீட்டு அங்கே செல்லாது. படங்களில் பார்த்துப் பழகிய தெற்கு விளிம்புக்குச் சாலை வழியே போவதற்கு மட்டும் நாலரை மணி நேரம் ஆகும். குளிர்காலத்தில் செல்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அப்போது அரிசோனாவின் கடிகாரம் நெவாடாவைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடும் என்பதால், திரும்பும் பேருந்து எந்த ஊர் நேரப்படி புறப்படும் என்பதை ஓட்டுநரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.