செக்கன்ட் ஷைக்கு (உயர்தரப் பரீட்சையை இரண்டாம் தடவை எழுத) இறங்கும் முன்: திருமலையிலிருந்து ஒரு செய்முறை

உயர்தரப் பெறுபேறு வந்த கிழமை நான் திருகோணமலை டச் பே கடற்கரைப் பக்கமே போகவில்லை. போனால் யாராவது ஒரு மாமா "என்ன தம்பி, ரிசல்ட் எப்படி?" என்று மறிப்பார். வீட்டுக்குள் இருந்துகொண்டு நான் செய்த ஒரே வேலை, புதிதாக ஒரு ரியூஷனுக்குக் காசு கட்டியது. அது பிழை. முதலில் செய்ய வேண்டியது வேறு.

1. எங்கே விட்டீர்கள் என்று பாருங்கள்

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி என்பது உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து, நியமவிலகலால் (எல்லோருடைய புள்ளியும் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்ற அளவு) வகுத்து வருவது. மூன்று பாடத்துக்கும் வருவதைச் சராசரியாக்கித்தான் தருகிறார்கள். 1.6, 1.4, 0.3 என்று வைத்துக்கொள்வோம், சராசரி 1.1. கடைசிப் பாடத்தை 1.2க்கு ஏற்றினால் சராசரி 1.4. அதே ஏற்றத்தை முதல் பாடத்தில் எடுக்க 2.5க்குப் போக வேண்டும், அது லேசான காரியமா? ஆனாலும் நாங்கள் பிடித்த பாடத்தைத்தான் திரும்பத் திரும்பப் படிப்போம்.

எஸ், அதாவது சாதாரண சித்தி, எடுத்த பாடத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். எஸ் என்றால் 35 முதல் 54 வரை எதுவாகவும் இருக்கலாம். நீங்கள் அதில் மேலா கீழா நின்றீர்கள் என்பதை அறிய, அதே வினாத்தாளை நேரம் வைத்துத் திரும்ப எழுதி, புள்ளியிடும் திட்டத்தை வைத்து நீங்களே திருத்துங்கள். கை கூசும். எனக்கு பௌதிகவியலில் தெரியாத கேள்விகளை விட, தெரிந்தும் முடிக்காத கேள்விகள்தான் கூட.

மீள்பரிசீலனைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதன் முடிவு வரும்வரை கொப்பியை மூடி வைக்காதீர்கள்.

2. விதிகளைப் படியுங்கள்

பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைதான் கணக்கு. மூன்று பாடமும் ஒரே அமர்வில் சித்தியடைய வேண்டும். அதனால் "நல்ல பாடத்தை விட்டுவிட்டு ஒன்றை மட்டும் எழுதுகிறேன்" என்பது சரிவராது.

திருகோணமலை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், மிச்சம் 5 வீதம் இந்த மாவட்டங்களுக்கு. ஆகவே கொழும்பு வெட்டுப்புள்ளியை (அனுமதி கிடைத்த ஆகக் குறைந்த இசட் புள்ளி) பார்த்து மனம் உடைய வேண்டாம். எங்கள் மாவட்டத்தின் கடந்த சில வருட வெட்டுப்புள்ளியை எடுத்து, எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். இந்த முறை ஏதாவது கற்கைநெறி கிடைத்தால், பதியும் முன் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலை வரி விடாமல் வாசியுங்கள்.

3. விண்ணப்பம்

முதல் தடவை பாடசாலை அதிபர் அனுப்பினார். தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதினால் நீங்களே பரீட்சைத் திணைக்கள இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அடையாள அட்டை இலக்கம், பாட இலக்கம், மொழிமூலம் மூன்றையும் இரண்டு தடவை சரிபாருங்கள். பணம் கட்டிய பற்றுச்சீட்டைப் பிரதி எடுத்து வையுங்கள்.

4. கிழமைக்கு ஒரு முழுப் பேப்பர்

பௌதிகவியலில் பல்தேர்வு 50 கேள்விக்கு இரண்டு மணித்தியாலம்: ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மின்விசிறி இல்லாத அறையில் எழுதிப் பாருங்கள். எங்கள் ஊர் வெக்கையில் அதுவும் பயிற்சிதான். பிழைத்த கேள்விகளுக்குத் தனிக் கொப்பி. அடுத்த பேப்பருக்கு முன் அதை மட்டும் பாருங்கள். அப்புறம் எந்த ரியூஷன் தேவை என்று அந்தக் கொப்பியே சொல்லும். எனக்கு ஒன்றே போதுமாக இருந்தது.

5. மழை

2024இலும் 2025இலும் பரீட்சை நவம்பர், டிசம்பரில் வந்தது. எங்களுக்கு அது அடைமழைக் காலம். 2024இல் வெள்ளத்தால் இடையில் சில நாள் நிறுத்தினார்கள். அப்படி நிறுத்தினால் அடுத்த பாடத்துக்குத் தாவாமல், நின்ற இடத்திலிருந்தே படியுங்கள். அனுமதி அட்டையைப் பொலித்தீன் உறையில் போடுங்கள். முதல் தடவை என்னுடையது நனைந்து, சுட்டெண்ணில் பாதி கரைந்துவிட்டது.