சீஸ் கோட்டிங் சிக்கன்: சென்னைச் சமையலறையில் நடக்கும் தவறுகள்

எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றாமல், ஓவனிலேயே மொறுமொறுவென்று சிக்கன் வேண்டும் என்பதற்காகத்தான் சீஸும் பிரெட் தூளும் கலந்த கோட்டிங் பாக்கெட்டை வாங்குகிறோம். அமெரிக்காவில் இது பழைய சரக்கு. ‘ஷேக் அண்ட் பேக்’ என்ற கோட்டிங் பாக்கெட் 1965-லேயே கடைக்கு வந்துவிட்டது. நம் வீடுகளில் அது சொதசொதவென்று ஆகிவிட்டால் பழி பாக்கெட்டின் மேல் விழுகிறது. பெரும்பாலும் குற்றவாளி தண்ணீர்.

கறிக்கடையில் ஒரு முறை, வீட்டில் மஞ்சள் தூள் போட்டு இரண்டு முறை என்று சிக்கனைக் கழுவுவது நம் வழக்கம். அந்த ஈரம் வற்றும்வரை துண்டின் மேற்பரப்பு 100 டிகிரியைத் தாண்டாது; அதுவரை பிரெட் தூள் சிவக்காது, ஆவியில் வெந்துகொண்டிருக்கும். டிஷ்யூ காகிதத்தால் ஒவ்வொரு துண்டையும் அழுத்தி ஒற்றி எடுத்துவிட்டுத்தான் தூளில் புரட்ட வேண்டும்.

தயிரும் இஞ்சி பூண்டு விழுதும் சேர்த்து ஊற வைப்பது இதைவிடப் பெரிய தவறு. தந்தூரிக்கு அது அழகு. இங்கே அடியில் ஈரக் குழம்பாக நின்று, வெந்தபின் கோட்டிங்கை அப்படியே உரித்துக் கொடுத்துவிடும். காரம் இல்லாமல் இறங்காது என்பவர்கள் மிளகுத்தூளையோ மிளகாய்த்தூளையோ உலர்வாகத் தடவி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கலாம். தூள் ஒட்டுவதற்கு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும். உப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டாம், சீஸிலேயே இருக்கிறது. பாக்கெட்டில் ஒரு வேளை அளவுக்கு 800 மில்லிகிராம் சோடியம் என்று போட்டிருந்தால், அது 2 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுவதற்கும் சொல்லும் வரம்பே 5 கிராம்தான்.

குழம்புக்கு வெட்டிய எலும்புத் துண்டுகள் இதற்கு ஆகாது. சின்னது கருகும்போது தொடைத்துண்டு உள்ளே பச்சையாக இருக்கும். ஒரே தடிமனில் எலும்பில்லாத துண்டுகளாகக் கேட்டு வாங்குங்கள். மட்டனை முயலவே வேண்டாம். அது குக்கரின் சொத்து. வஞ்சிரம் துண்டுகள் அருமையாக வரும்.

பாக்கெட் தீர்ந்துவிட்டால் கட்லெட்டுக்குப் பயன்படும் ரஸ்க் தூளை எடுப்பவர்கள் உண்டு. இனிப்பு ரஸ்க் எண்ணெயில் இரண்டு நிமிடம் தாங்கும், ஓவனில் அரை மணி நேரம் தாங்காது. சர்க்கரை கருகிக் கசக்கும்.

வெறும் மைக்ரோவேவில் இந்தக் கோட்டிங் மொறுமொறுப்பாகாது. கன்வெக்‌ஷன் (சூடான காற்றைச் சுழற்றும்) வசதியோ, ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவனோ வேண்டும். முதலில் 200 டிகிரிக்குச் சூடாக்கிவிட்டுத்தான் தட்டை உள்ளே வைக்க வேண்டும். சின்ன ஓடிஜியில் மேல் கம்பி மிக அருகில் இருப்பதால் நடுத்தட்டே பாதுகாப்பு. துண்டுகளைத் தட்டில் நேரடியாகப் பரப்பாமல் கம்பி வலை மேல் வைத்தால், வடியும் சாறு அடிப்பக்கத்தை ஊற வைக்காது. மேலே பொன்னிறமானதைப் பார்த்து ஏமாறக் கூடாது. சீஸில் உள்ள பால் பொருட்கள் சீக்கிரம் சிவந்துவிடும், கோழி அந்த வேகத்தில் வேகாது. துண்டின் நடுவில் 74 டிகிரி வந்திருக்க வேண்டும். இதற்கென்று விற்கும் சமையல் தெர்மாமீட்டரைக் குத்திப் பார்ப்பதே நம்பகமான வழி.

பாக்கெட்டுக்குள்ளேயே சிக்கனைப் போட்டுக் குலுக்கிவிட்டு, மிச்சத் தூளை எடுத்து வைப்பது ஆபத்து. பச்சைக் கறி பட்ட தூள் குப்பைக்குத்தான். தேவையான அளவை மட்டும் உலர்ந்த கரண்டியால் வேறொரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். மீதியைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து ஃபிரிட்ஜில் வைக்காவிட்டால், நம் கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அது கட்டிதட்டிவிடும்.

வெந்ததும் ஹாட்பாக்கில் மூடி வைக்கவே கூடாது. பத்து நிமிடத்தில் ஆவி வியர்த்து எல்லா உழைப்பையும் நனைத்துவிடும். சாப்பிட ஆள் வரத் தாமதமானால் அணைத்த ஓவனிலேயே கதவைச் சற்றுத் திறந்து விட்டு வைக்கலாம், சிறிது நேரத்துக்கு மட்டும்.