புதுச்சேரி வெயிலில் நிறம் மாறும் சுவர்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பள்ளி வளாகத்திலோ கடை முற்றத்திலோ நிறம் மாறும் சுவர் அமைப்பவர்கள் சறுக்குவது தூள் வாங்கும்போதே. ஒருவகைத் தூள் சூட்டுக்கு மாறும். இன்னொன்று வெயிலில் உள்ள புற ஊதாக் கதிருக்கு மாறும். சூட்டுத் தூளில் பரவலாக விற்பது 31 டிகிரியில் நிறம் இழக்கும் ரகம். கை வைத்தால் கைத்தடம் விழும் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. சித்திரை, வைகாசியில் இங்கே நிழலில் இருக்கும் சுவரே பகலில் அந்தச் சூட்டைத் தாண்டிவிடும். அப்புறம் கை வைத்து என்ன பயன்? அதே தூள்தான் வேண்டுமென்றால் விளையாட்டைத் திருப்பிப் போடுங்கள்: நிழலான திண்ணைச் சுவரில் பூசி, ஐஸ் தண்ணீரில் நனைத்த துணியை ஒற்றச் சொல்லுங்கள், நிறம் எழும். நேர் வெயிலில் மட்டும் பூசாதீர்கள், சாயமே நிரந்தரமாக வெளுத்துப்போகும்.

வெயில் சுவருக்கு ஏற்றது, வெயில் பட்டால் நிறம் ஏறும் புற ஊதாத் தூள். ஒருவர் முன்னால் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நின்று விலகினால் நிழலுருவம் வெளிறித் தெரியும். இதற்கும் சூடு பகைதான்: சுவர் சூடேறச் சூடேற நிறம் மங்கும். அதனால் கடலைப் பார்த்த கிழக்குச் சுவரே எங்கள் தேர்வு. காலை 8 முதல் 10 வரை கதிரும் போதும், சுவரும் அவ்வளவாகச் சூடேறியிருக்காது.

தெற்குச் சுவரை நம்பி ஏமாறுவோர் அதிகம். டிசம்பரில் அருமையாக இருக்கும். ஆனால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கில் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது, தெற்குச் சுவரில் நேர் வெயில் படாது. 1 மீட்டர் கம்பை நட்டால் ஜூன் 21 அன்று பகல் 12.13 வாக்கில் நிழல் தெற்கே சுமார் 20 செ.மீ. விழும், டிசம்பர் 21 நண்பகலில் வடக்கே 71 செ.மீ. இடம் குறிக்குமுன் இதை அளந்துவிடுங்கள்.

கலவைக்கு, தண்ணீரில் கரையும் நிறமற்ற அக்ரிலிக் பைண்டர் (தூளைச் சுவரில் பிடிக்கவைக்கும் பசை) 100 கிராமுக்குத் தூள் 10 கிராம் போட்டுத் தொடங்கலாம். வெள்ளை அடிக்கோட்டின் மேல் இரண்டு மூன்று கோட் அடியுங்கள். மிக்ஸியில் அரைத்தால் தூளின் நுண்ணுறை (சாயத்தை மூடியிருக்கும் நுண்ணிய மேலுறை) உடையும். தின்னர் அதைக் கரைத்துவிடும். புதுச் சிமெண்டுப் பூச்சின் காரமும் சாயத்தைக் கெடுக்கும்: 28 நாள் ஆறவிட்டு, காரம் தாங்கும் ப்ரைமர் அடித்த பிறகே பூசுங்கள்.

மேலே பாலிகார்பனேட் கூரை இருந்தால் புற ஊதாக் கதிர் உள்ளே வராது, வெளிச்சம் எவ்வளவு இருந்தாலும் சுவர் மாறாது. 'புற ஊதா தடுப்பு' என்று எழுதிய வார்னிஷும் அப்படியே. இந்தத் தூளும் வெயிலில் நாளடைவில் தேயும். சுவரில் நேராகப் பூசாமல், துருப்பிடிக்காத ஸ்டீல் திருகில் மாட்டிய சிமெண்ட் ஃபைபர் பலகையில் பூசினால் கழற்றி மறுகோட் அடிக்கலாம்.