ஊர் மீன ஃப்ளைட்ல கொண்டு போறவங்களுக்கு, கீழக்கரைலேர்ந்து

மொதல்ல மணிக்கணக்கு போட்டுக்கங்க, மத்ததெல்லாம் அப்புறம். கீழக்கரைலேர்ந்து மதுரை ஏர்போர்ட்டுக்கு ரோட்டுல கிட்டத்தட்ட மூணு மணி நேரம், பரமக்குடில டீக்கு நிறுத்தினா இன்னும் கொஞ்சம், அங்க போயி ஃப்ளைட்டுக்கு மூணு மணி நேரம் முன்னாடியே நிக்கணும், துபாய்க்கு நாலு நாலரை மணி நேரம், எறங்கி பெட்டி வந்து வீட்டு ஃப்ரிட்ஜத் தொறக்குறதுக்குள்ள இன்னொரு ரெண்டு. ஆக உங்க மீன் 12, 13 மணி நேரம் கரன்ட் இல்லாத பெட்டிக்குள்ள கெடக்கப்போகுது. சென்னைல ஃப்ளைட் மாறி லண்டன், பாரிஸ்னு போறவங்களுக்கு இது ஒரு நாளக்கூடத் தாண்டும். அந்த நேரத்தத் தாங்குற மாதிரி மீனத் தயார் பண்றதுதான் வேலையே.

நான் இதக் கத்துக்கிட்டது பட்டுத்தான். ஒரு தடவ கெளம்புற அன்னிக்கே காலைல வஞ்சிரம் வாங்கினோம், விடியக்கால சுபுஹு தொழுதுட்டு உக்காந்த உம்மா துண்டு போட்டு மஞ்சத்தூள், உப்பு தடவி முடிக்கவே எட்டு மணி ஆச்சு, கடை ஐஸ அள்ளிப் போட்டு தெர்மாகோல் பெட்டில கட்டி ஏத்திட்டோம். ஏர்போர்ட்ல வெயிட் பாக்க வச்சா பெட்டி மூலைலேர்ந்து செவப்புத் தண்ணி சொட்டு சொட்டா பெல்ட்ல எறங்குது. ஒழுகுற பெட்டிய ஏத்த முடியாதுன்னுட்டாங்க, அவங்க சொன்னது நியாயந்தான். வண்டிலயே திருப்பி அனுப்பினேன், சாயங்காலம் உம்மா போன் பண்ணி மீன் கெட்டுப்போச்சு வாப்பான்னு சொன்ன குரல் இன்னும் காதுல இருக்கு.

அதனால சொல்றேன், கெளம்புறதுக்கு மூணு நாள் முன்னாடியே மீன் வீட்டுக்கு வந்துடணும், குறைஞ்சது ரெண்டு ராத்திரி ஃப்ரீசர்ல கல்லாகணும். வெறும் ஐஸ்ல வச்ச பச்ச மீன் இந்தத் தூரத்துக்குத் தாங்காது. மைனஸ் 18ல ஒறஞ்ச மீன் தனக்குத்தானே ஐஸ், வேற ஐஸே தேவையில்ல, ஒழுகவும் ஒழுகாது.

ஒறைய வைக்கிறதுலயும் பக்குவம் இருக்கு. மூணு கிலோவ ஒரே கவர்ல உருண்டையா கட்டி உள்ள தள்ளினா நடுப்பகுதி ஒறைய ஒரு நாளாகும், மெதுவா ஒறைஞ்சா சதைக்குள்ள ஐஸ் பெரிய பெரிய கட்டியா நின்னு சதையக் கிழிச்சிடும், அப்புறம் குழம்புல போட்டா தண்ணி விட்டு பஞ்சு மாதிரி ஆயிடும். அரை கிலோ அரை கிலோவா கவர்ல போட்டு, கையால தட்டி ரெண்டு விரக்கடை கனத்துக்குப் பரப்பி, காத்த நல்லா வெளியேத்தி, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம பரத்தி வைங்க, கல்லானதுக்கப்புறம் அடுக்கிக்கலாம். வீட்டு ஃப்ரிட்ஜோட மேல் பொட்டிய நம்பாதீங்க, அங்க ஏற்கனவே கறியும் ஐஸ்கிரீமும் இருக்கும், கரன்ட்டும் போகும். தனி டீப் ஃப்ரீசர் இருக்குற சொந்தக்காரங்க வீடோ தெரிஞ்ச கடையோ இருந்தா கேட்டு வச்சுக்கங்க.

வாங்குற எடத்துலேர்ந்தே குளுமை விடக்கூடாது. ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஒடச்ச ஐஸ், இதான் கணக்கு. சூரை, கானாங்கெளுத்தி மாதிரி மீன வெயில்ல போட்டு வச்சா ஹிஸ்டமின்னு ஒண்ணு உண்டாகும், அப்புறம் எவ்வளவு கொதிக்க வச்சாலும் ஃப்ரீசர்ல வச்சாலும் அது போகாது, சாப்புட்டவங்களுக்கு மொகம் செவந்து ஒடம்பெல்லாம் அரிக்கும். செவுள் செவப்பா, கண்ணு தெளிவா, விரல் வச்சு அமுக்கினா குழி விழாம இருக்கணும், இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

எப்ப வாங்குறதுன்னா, ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகுக்குத் தடைக்காலம், அப்ப நாட்டுப்படகு மீன் மட்டுந்தான், வெலையும் ஏறிக் கெடக்கும். வளைகுடால ஸ்கூல் லீவு ஜூலை, ஆகஸ்ட்ல வர்றதால அங்கேர்ந்து வர்றவங்களுக்குத் தடை முடிஞ்ச நேரம், இறா நல்லா கெடைக்கும். ராமேஸ்வரம் விசைப்படகு வழக்கமா திங்கள், புதன், சனி கடலுக்குப் போயி மறுநாள் கரைக்கு வரும், அதனால செவ்வாய், வியாழன், ஞாயிறு பாத்துப் போங்க. ஸ்ட்ரைக்கோ புயல் எச்சரிக்கையோ இருந்தா அதுவும் இல்ல, அதுக்காகத்தான் மூணு நாள் முன்னாடியே வாங்கச் சொல்றேன்.

பெட்டி கட்டுறது: ரெண்டு விரக்கடையாவது கனமான தெர்மாகோல், உள்ள பெரிய பிளாஸ்டிக் கவர், கல்லான பாக்கெட்ட இடுக்கில்லாம அடுக்கி, மிச்ச எடத்துல பேப்பர் திணிச்சு, மூடி ஓரம் முழுக்க டேப், அதுக்கு மேல அட்டைப்பெட்டி. காலி எடம் இருந்தா காத்து சுத்தி மீன் உருகும், பாதிப் பெட்டி மீனவிட நெறைஞ்ச சின்னப் பெட்டி எப்பவும் நல்லாத் தாங்கும். வீட்டவிட்டு எறங்குறதுக்கு முன்னாடி கடைசி வேலையா ஃப்ரீசர்லேர்ந்து எடுத்துக் கட்டுங்க, முந்தின ராத்திரியே கட்டி வாசல்ல வைக்காதீங்க.

ட்ரை ஐஸ், அதாவது ஒறைஞ்ச கார்பன் டை ஆக்சைடு, போடலாமான்னு கேக்குறாங்க. ஒரு ஆளுக்கு 2.5 கிலோதான், ஏர்லைன்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கணும், பெட்டி மேல ட்ரை ஐஸ்னும் எத்தன கிலோன்னும் எழுதணும். அது மைனஸ் 78 டிகிரி, தண்ணியாகாம நேரா கேஸாப் போகும், ஒரு கிலோ 500 லிட்டருக்கு மேல கேஸாகும், அதனால காத்துப் புகாம டேப் சுத்தினா பெட்டி வெடிச்சிடும். ஏசி கார்ல கண்ணாடிய ஏத்திட்டு அதோட மூணு மணி நேரம் உக்காரவே உக்காராதீங்க, அந்த கேஸ் நெறைஞ்சா மூச்சு முட்டும், புள்ளைங்க வண்டில இருந்தா அந்த யோசனையே வேணாம். 12 மணி நேரத்துக்கு நல்லா ஒறைஞ்ச மீனே போதும்.

தனியா கார்கோல போட்டா நல்லாருக்குமேன்னு தோணும். கார்கோல எடை மட்டும் பாக்க மாட்டாங்க, நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 6000ஆல வகுப்பாங்க. 60க்கு 40க்கு 40 பெட்டின்னா 16 கிலோ கணக்கு, உள்ள 10 கிலோ மீன் இருந்தாலும் 16 கிலோவுக்குக் காசு. வியாபாரமா மீன் ஏத்துமதி பண்றவங்க எம்பிடால (மத்திய அரசோட கடல் பொருள் ஏத்துமதி ஆணையம்) பதிஞ்சு ஹெல்த் சர்டிஃபிகேட் வாங்கி அனுப்புறாங்க, வீட்டுல உம்மா வெட்டுன மீனுக்கு அதெல்லாம் நடக்காது. கூடவே லக்கேஜா கொண்டு போறதுதான் நமக்கு.

போற நாட்டு சட்டத்த டிக்கெட் போடும்போதே பாத்துடுங்க. ஐரோப்பிய யூனியனுக்குள்ள ஒரு ஆள் 20 கிலோ வரைக்கும் மீன் கொண்டு போலாம், பச்ச மீன்னா குடல் எடுத்திருக்கணும், ஆனா கறியும் பால் பொருளும் கூடவே கூடாது, பால்கோவாகூட. சிங்கப்பூர்ல 5 கிலோ வரைக்கும், வேகவச்ச இறாச்சதை, நண்டுச்சதை மட்டும் வேணாம். ஆஸ்திரேலியா போறவங்க எல்லாத்தையும் கார்டுல எழுதிக் காட்டிடுங்க, மறைச்சா அபராதம் பெருசு. கசகசாவ மசாலாப் பொடிக்குள்ளகூட வச்சு அமீரகம், சவுதி, சிங்கப்பூர் கொண்டு போகாதீங்க, ஜெயிலுக்குப் போற விஷயம். கொப்பரைத் தேங்காயும் எண்ணெய்ச்சத்தால தீப்புடிக்கும்னு பெட்டிலேர்ந்து எடுத்துடுவாங்க.

இதவிட முக்கியமா ஒண்ணு. நம்ம கடற்கரைல யாராவது ‘காஞ்ச சரக்கு, சின்ன பார்சல்தான்’னு குடுத்தா வாங்காதீங்க, கடல் அட்டையா இருக்கலாம். கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறைத் துண்டு எல்லாம் 1972 வனவிலங்குச் சட்டத்துல வர்றது, தெரியாதுன்னு சொன்னா எடுபடாது.

பெட்டில மிச்ச எடைக்கு நெத்திலிக் கருவாடு (மொறுமொறுன்னு காஞ்சதா பாத்து காத்த உறிஞ்சி எடுக்குற வேக்குவம் பேக் போட்டு, அதுக்கு மேல இன்னொரு கவர்), கீழக்கரை தொதல் (அல்வா மாதிரி இனிப்பு), சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டி, முண்டு மிளகாய், இதுக்கெல்லாம் குளுமை தேவையே இல்ல.

வீடு போய்ச் சேந்ததும் சூட்கேஸ அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல மீன் பெட்டியத் தொறங்க. நடுவுல இருக்குற ஒரு பாக்கெட்ட அமுக்கிப் பாருங்க, கல்லா இருந்தாலோ உள்ள ஐஸ் நெறநெறன்னு தட்டுப்பட்டாலோ திரும்ப ஃப்ரீசர்ல போடலாம். ஓரத்துல இருக்குறது எளகியிருந்தாலும் சில்லுன்னு இருந்தா அத மட்டும் அன்னிக்கே சமைச்சிடுங்க, வெதுவெதுன்னு இருந்தா மனசு கேக்காட்டியும் போட்டுடுங்க. மிச்சத்த சமைக்கிறதுக்கு முந்தின ராத்திரி ஃப்ரிட்ஜோட கீழ்த்தட்டுல எறக்கி வச்சீங்கன்னா துண்டு ஒடையாம அப்படியே நிக்கும்.